பெயர் வருகிறது, வயதும் கூடவே வருகிறது: அமெரிக்கக் கால்பந்துக்கு உச்சத்தில் இருப்பவர்கள் வருவார்களா?

கோல்கம்பம் | நியூ ஜெர்சி

2025 டிசம்பர் 6 அன்று, அமெரிக்கா-கனடா அணிகளின் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். இறுதிப் போட்டியைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்டர் மயாமி 3, வான்கூவர் 1. ஒரு பக்கம் மெஸ்ஸி, மறுபக்கம் தாமஸ் முல்லர். 2014 உலகக் கோப்பை இறுதியில் எதிரெதிரே நின்ற அதே இருவர். அந்த வழியாகப் போன என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இவர்களை நம் கல்யாணத்துக்கு முன்பே டிவியில் பார்த்திருக்கிறேனே, இன்னுமா ஆடுகிறார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த லீக்குக்கு வந்தபோது மெஸ்ஸிக்கு 36. இப்ராஹிமோவிச்சுக்கு 36. பிர்லோவுக்கு 36. ஜெரார்டுக்கு 35, முல்லருக்கு 35. லாம்பார்டுக்கு 37. சென்ற ஆகஸ்டில் வந்த தென் கொரியாவின் சோன் ஹியுங்-மின் இவர்களுக்கு நடுவில் சின்னப் பையன் போலத் தெரிகிறார், அவருக்கே 33. பெக்காம் 2007-இல் 32 வயதில் வந்தபோது சிரித்தவர்கள், இன்று அதை இளம் வயது என்பார்கள்.

ஆகவே பெரிய பெயர்கள் வருமா என்று இனிக் கேட்க வேண்டியதில்லை, வந்துகொண்டே இருக்கின்றன. 25, 26 வயதில், ஐரோப்பாவின் பெரிய அணி ஒன்றில் தவறாமல் களமிறங்கும் ஒருவர் ஏன் வருவதில்லை? பணம் இல்லாததால் அல்ல என்பது என் எண்ணம். அந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி அணி உரிமையாளர்களே தங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறுப்பவர்கள் வரலாம், சண்டைக்குத் தயார்.

தேநீர் இடைவேளை | லண்டன்

வந்துவிட்டேன்.

உரிமையாளர் கையைக் கட்டியிருக்கிறார், அவிழ்த்துவிட்டால் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள் என்பது அமெரிக்காவில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ஓர் ஆட்டக்காரருக்கு 25 வயது. முழங்கால் நன்றாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு, ஐரோப்பாவின் முதன்மை அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து ஆட வாய்ப்பு இருக்கிறது. அவர் எதற்காக அதை விட்டுவிட்டுக் கன்சாஸ் சிட்டிக்குப் பறக்க வேண்டும்? இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்தாலும் யோசிப்பார்.

சென்ற ஆண்டு கிளப் உலகக் கோப்பையில் என்ன நடந்தது? போர்ட்டோவை மயாமி 2-1 என்று வென்றது, மெஸ்ஸியின் ஃப்ரீ கிக்கை நானும் எழுந்து நின்று பார்த்தேன், மறுக்கவில்லை. அடுத்த கட்டத்தில் பாரிஸ் அணி 4-0 என்று அடித்து அனுப்பியது. நான்கு கோலும் முதல் பாதியிலேயே. ஆட்டக்காரர்கள் பார்ப்பது அதைத்தான்.

மழைநகரத்தான் | சியாட்டில்

லண்டனில் உட்கார்ந்துகொண்டு கன்சாஸ் சிட்டியைக் கிண்டல் செய்வது சுலபம். தூரத்தைப் பற்றிப் பேசுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தரத்தைப் பற்றி இவ்வளவு அலட்சியம் வேண்டாம். 2022-இல் எங்கள் சியாட்டில் அணி, வட, மத்திய அமெரிக்க அணிகள் மோதும் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. சென்ற ஆண்டு லீக்ஸ் கோப்பை இறுதியில் இதே மெஸ்ஸியின் அணியை 3-0 என்று வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆனால் தூரம் உண்மையான சிக்கல். சியாட்டிலிலிருந்து மயாமிக்கு விமானத்தில் ஆறு மணி நேரம் ஆகும். லண்டன்காரருக்கு அந்த நேரத்தில் ஐரோப்பாவைக் கடந்து பாலைவனமே வந்துவிடும். ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் போட்ட 2020 ஒப்பந்தத்துக்கு முன்பு வரை, ஓர் அணி ஒரு பருவத்தில் நான்கு பயணங்களுக்கு மட்டுமே தனி விமானம் எடுக்கலாம் என்று விதி இருந்தது. பணக்கார அணிக்குக் கூடுதல் சாதகம் வந்துவிடக் கூடாதாம்! கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர், நம்மைப் போல விமான நிலையத்தில் வரிசையில் நின்று, நடு இருக்கைக்காரரின் முழங்கையோடு போராடிக்கொண்டு பறந்திருக்கிறார். பிறகு தரை. எங்கள் ஊரில் செயற்கைப் புல். அட்லாண்டாவிலும் வான்கூவரிலும் அதேதான். தியரி ஆன்ரி நியூயார்க்கில் ஆடிய காலத்தில், செயற்கைப் புல் என்றாலே பெரும்பாலும் ஒதுங்கிவிடுவார்.

கோல்கம்பம் அண்ணா சொல்லும் கட்டிய கை இதுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் மட்டுமல்ல, விமான டிக்கெட் வரைக்கும் கட்டியிருந்தார்கள்.

பழைய பந்து | எடிசன், நியூ ஜெர்சி

நான் இங்கே படிக்க வந்தது 1976-இல். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள், ஆகையால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையை ஏன் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமானால், கட்டாமல் விட்ட காலத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1975-இல், அன்றைய என்.ஏ.எஸ்.எல். என்ற லீக்கில் ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணி பெலேயைக் கொண்டுவந்தது. அவருக்கு 34 வயது, பிரேசிலில் ஓய்வு பெற்றுவிட்டார். முதல் ஆட்டம் ராண்டல்ஸ் தீவில் ஒரு பழைய திடலில். தரையில் பாதி இடத்தில் புல்லே கிடையாது. தொலைக்காட்சியில் காட்டப் போகிறார்களே என்று வெறும் மண்ணின் மேல் பச்சைச் சாயம் அடித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றிய பெலே, பாதமெல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்து, ஏதோ தோல் நோய் பிடித்துவிட்டது, இனி இந்த ஊரில் ஆடமாட்டேன் என்று பதறினாராம். அந்தக் கதையை இங்கே பழைய ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இரண்டே ஆண்டுதான். 1977 ஆகஸ்ட் 14, ஜயன்ட்ஸ் ஸ்டேடியம். கூட்டம் 77,691. நானும் என் அறைத் தோழனும் அதில் இருவர். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பாதி வழி நடந்தே போனோம். ஒரே அணியில் பெலே, பெக்கன்பாவர், கார்லோஸ் ஆல்பெர்ட்டோ, கினாலியா. பெக்கன்பாவருக்கு அப்போது 31 வயது. 1974-இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய தலைவர். மூன்றே ஆண்டில் நியூ ஜெர்சியின் செயற்கைப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தார். உச்சத்தில் இருப்பவர்கள் வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? வந்தார்கள். க்ரைஃப் 1979-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார், அடுத்த ஆண்டு வாஷிங்டன். ஜார்ஜ் பெஸ்ட் மூன்று ஊர்களில் ஆடினார்.

காஸ்மாஸுக்குப் பின்னால் வார்னர் நிறுவனம் இருந்தது. மற்ற ஊர்களில் அப்படி யாரும் இல்லை. காஸ்மாஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகள் அவர்கள். பெயர்பெற்ற ஒருவரையாவது கொண்டுவர வேண்டும் என்று கடன் வாங்கினார்கள். பெலே போன பிறகு கூட்டம் கரைந்தது, ஒவ்வோர் அணியாக மூடினார்கள், 1984 பருவத்தோடு லீக்கே முடிந்தது. எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு இந்த நாட்டில் முதல்தரக் கால்பந்து லீக் என்று ஒன்று கிடையாது. 1996-இல் எம்.எல்.எஸ். தொடங்கியவர்கள் அந்தப் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

இன்னொன்று. ஃபோர்ட் லாடர்டேலில் மெஸ்ஸி இறுதிப் போட்டியை வென்றாரே, அந்த இடத்தில்தான் முன்பு லாக்ஹார்ட் ஸ்டேடியம் இருந்தது. பெஸ்ட்டும் கெர்டு முல்லரும் (தாமஸ் அல்ல, அவருக்கு முந்தைய தலைமுறை) ஸ்ட்ரைக்கர்ஸ் அணிக்காக அங்கே ஆடினார்கள். பிறகு மயாமி ஃப்யூஷன் என்று ஓர் எம்.எல்.எஸ். அணி ஆடியது, 2001 பருவத்தோடு அதையும் மூடிவிட்டார்கள். ஒரே மனையில் மூன்றாவது வீடு. அதைக் கட்டியவர்கள் அஸ்திவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பயப்படுவது நியாயம்தானே?

கோல்கம்பம் | நியூ ஜெர்சி

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியதாக வைத்துக்கொள்கிறேன். ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் நின்ற வளாகத்தில்தான் இப்போது மெட்லைஃப் இருக்கிறது, வரும் ஜூலை 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டி அங்கேதான். நீங்கள் இம்முறையும் பாதி வழி நடக்க வேண்டியிருக்கலாம்.

ஆனால் சூடு கண்ட பூனையாக எத்தனை ஆண்டு இருப்பது? அது 1984. இப்போது 2026.

கணக்குப்பிள்ளை | டல்லாஸ்

பூனை பயத்தினால் அடுப்பங்கரைக்குப் போகவில்லை என்று நினைக்கிறீர்கள். பூனை கொழுத்துவிட்டது, அதனால் போகவில்லை.

எண்களைச் சொல்கிறேன். 2025-இல் ஓர் அணியின் சம்பள வரம்பு 59.5 லட்சம் டாலர். முதன்மைப் பட்டியலில் உள்ள இருபது பேருக்கும் சேர்த்து. ஒருவரின் கணக்கில் அதிகபட்சம் 7,43,750 டாலர்தான் எழுதலாம். மூன்று பேருக்கு மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், மிச்சத்தை உரிமையாளர் தன் பையிலிருந்து போட வேண்டும். 2007-இல் பெக்காமுக்காகவே கொண்டுவந்த விதி, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். இது போக, ஒதுக்கீட்டுப் பணம் என்று இரண்டு வகை, 22 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை, வெளிநாட்டு ஆட்டக்காரர் இடங்களை அணிகள் ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்ளும் சந்தை. எங்கள் அலுவலகத்தில் வரிச் சட்டம் படித்தவர்களே இதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள்.

விளைவு? மெஸ்ஸிக்கு ஆண்டுக்கு உறுதியான வருமானம் 2 கோடியே 4 லட்சம் டாலர் என்று ஆட்டக்காரர் சங்கம் வெளியிட்டது. பல அணிகளில் மொத்தப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்தைவிட அது அதிகம். அதே பட்டியலின் அடியில் ஆண்டுக்கு 80,000 டாலர் சொச்சம் வாங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மெஸ்ஸிக்குப் பந்தைக் கொடுக்கிறவர் வாடகைக்கு அறைத் தோழன் தேடிக்கொண்டிருக்கலாம்.

இப்போது முக்கியமான செய்தி. இந்த லீக்கில் ஆட்டக்காரர் ஒப்பந்தம் போடுவது அணியோடு அல்ல, லீக்கோடு. எல்லா அணியும் ஒரே நிறுவனத்தின் கிளைகள் போல. இது செல்லாது என்று ஆட்டக்காரர்கள் 1997-இல் வழக்குப் போட்டார்கள், 2002-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஆகவே உரிமையாளர் வாங்குவது அணியை மட்டுமல்ல, முழு நிறுவனத்தில் ஒரு பங்கு. 2007-இல் டொராண்டோ நுழைவுக் கட்டணமாகக் கொடுத்தது ஒரு கோடி டாலர். சென்ற ஆண்டு களமிறங்கிய சான் டியேகோ கொடுத்தது 50 கோடி. ஊர்க்கோடியில் மனை வாங்கிப் போட்டவனைப் போல, ஆடாமல் அசையாமல் மதிப்பு ஐம்பது மடங்கு. தரமிறக்கமும் கிடையாது, கடைசி இடத்தில் முடித்தாலும் மனை மனைதான். இந்த நிலையில் எந்த உரிமையாளர் எழுந்து, வரம்பை எடுத்துவிடலாம், எல்லோரும் போட்டி போட்டுச் செலவழிப்போம் என்று கை தூக்குவார்?

பெக்காமையே பாருங்கள். ஒப்பந்தத்திலேயே, பின்னால் ஓர் அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கும் உரிமை என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் வாங்கிய சம்பளத்தையெல்லாம்விட அந்த ஒரு வரியின் மதிப்பு பெரிதாகிவிட்டது. இன்டர் மயாமி பிறந்தது அப்படித்தான். அவர் இந்த லீக்கைப் புரிந்துகொண்ட முதல் ஆட்டக்காரர்.

தேநீர் இடைவேளை | லண்டன்

மனைக் கணக்கு பிரமாதம், எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வரம்பை எடுத்தால் வருவார்களா?

ஜோவின்கோவை நினைத்துப் பாருங்கள். 2015-இல் யுவென்டஸிலிருந்து டொராண்டோ வந்தபோது 28 வயது. கோல்கம்பம் தேடுகிற ஆள் கிட்டத்தட்ட அவர்தான். முதல் பருவத்திலேயே 22 கோல், 16 கோலுக்கு உதவி, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. மதில் மேல் வைத்த பந்தைத் தட்டுவது போல ஃப்ரீ கிக் அடித்தார். 2016 ஐரோப்பியக் கோப்பை வந்தது. இத்தாலிப் பயிற்சியாளர் கான்ட்டே அவரையும் எடுக்கவில்லை, பிர்லோவையும் எடுக்கவில்லை. அங்கே போக முடிவு செய்தவர்கள் அதன் விளைவையும் ஏற்கத்தான் வேண்டும் என்கிற பொருளில் பேட்டியும் கொடுத்தார். அதைப் படித்த 26 வயது இத்தாலியன் எவனாவது டொராண்டோவுக்கு டிக்கெட் எடுப்பானா?

அகிலா | அட்லாண்டா

அது 2016. கத்தாரில் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியில் எங்கள் அட்லாண்டாவின் தியாகோ அல்மாடா இருந்தார். போலந்துக்கு எதிராகக் கொஞ்ச நேரம்தான் ஆடினார், இருந்தாலும் எம்.எல்.எஸ். அணியில் இருந்துகொண்டே உலகக் கோப்பைப் பதக்கம் வாங்கிய முதல் ஆள். டி பால் சென்ற கோடையில் அத்லெட்டிகோ மாட்ரிட்டை விட்டு மயாமிக்கு வந்தார், 31 வயது, அர்ஜென்டினாவின் நடுக்களத்தில் இன்னும் அவர்தான். தண்டனை எங்கே?

உங்கள் எல்லோருக்கும் ஒரே திசையில்தான் கழுத்து திரும்புகிறது, ஐரோப்பா. நான் 2018 டிசம்பர் 8 அன்று மெர்சிடஸ்-பென்ஸ் ஸ்டேடியத்தில் இருந்தேன். 73,019 பேர். போர்ட்லாந்தை 2-0 என்று வென்று கோப்பை எடுத்தோம். அன்று பார்த்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது கோல் இல்லை. மிகெல் அல்மிரான் நடுக்கோட்டருகே பந்தை வாங்கித் திரும்பிய விதம். ஒல்லியான உடம்பு, இடது கால், எதிராளி அடுத்த அடி வைப்பதற்குள் ஐந்து கஜம் போய்விடுவார். பராகுவேக்காரர், அர்ஜென்டினாவின் லானூஸ் அணியிலிருந்து 22 வயதில் எங்களிடம் வந்தார். அந்த இறுதிப் போட்டி முடிந்து இரண்டு மாதத்துக்குள் நியூகாசில் சுமார் 2 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறவர் வந்தால் அது கணக்கில் சேராதா? அவர் 36 வயதாகி வந்திருந்தால் மாலை போட்டிருப்பீர்கள்.

தேநீர் இடைவேளை | லண்டன்

சேரும், ஆனால் பஸ் நிலையக் கணக்கில் சேரும். வருகிறவர்கள் எல்லோரும் அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பவர்கள்.

அகிலா | அட்லாண்டா

அந்த பஸ் நிலையத்துக்குச் சென்ற ஆண்டு அல்மிரான் திரும்பி வந்துவிட்டார், தெரியுமா?

தேநீர் இடைவேளை | லண்டன்

எத்தனை வயதில்?

அகிலா | அட்லாண்டா

முப்பது. சிரிக்க வேண்டாம்.

மழைநகரத்தான் | சியாட்டில்

பஸ் நிலையம் என்றதும் பக்கத்து ஊர் வான்கூவர் நினைவுக்கு வந்தது. அல்போன்சோ டேவிஸ், கானாவில் அகதி முகாமில் பிறந்த பையன், வான்கூவரில் ஆடினான். 17 வயதில் பயர்ன் மியூனிக் அவனுக்கு விலை பேசி முடித்தது. 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவை பயர்ன் 8-2 என்று நசுக்கிய ஆட்டம் நினைவிருக்கிறதா? டேவிஸ் இடது ஓரத்தில் செமேடோவை நிற்க வைத்துவிட்டுக் கோல் கோட்டை ஒட்டியே உள்ளே ஓடி, கிம்மிக்கின் காலில் பந்தை வைத்தானே, அதை நான் நூறு முறையாவது திரும்பப் பார்த்திருப்பேன். அதே ஆட்டத்தில் பயர்னுக்காக இரண்டு கோல் போட்டவர் தாமஸ் முல்லர். எதிர் அணியில் குனிந்த தலையோடு நின்றவர் மெஸ்ஸி.

வான்கூவர் பயர்னுக்கு அனுப்பியது 17 வயது. பயர்னிடமிருந்து வான்கூவருக்கு வந்தது 35 வயது. நடுவில் இருக்கும் பதினெட்டு ஆண்டுதான் இந்த லீக்கில் காணாமல் போயிருக்கிறது. என் கட்சியை நானே தோற்கடித்துக்கொள்கிறேன் போலிருக்கிறது, பரவாயில்லை.

மூன்றாம் வரிசை

நீங்கள் எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சின்ன வயிற்றெரிச்சல்.

ஒரு நட்சத்திரம் எங்கள் ஊருக்கு ஆட வருவதாக அறிவிப்பு வந்தது. யார், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். வழக்கமாக 40 டாலருக்குக் கிடைக்கும் இருக்கையை 260 டாலர் கொடுத்து வாங்கினேன், நான்கு டிக்கெட். மகளுக்கு அவர் பெயர் போட்ட சட்டை தனி. இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கும்போது முன்னால் போன பையன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு அவன் அப்பாவிடம் ஏதோ சொன்னான், அந்த அப்பாவின் முகம் மாறியது. அப்போதே புரிந்துவிட்டது. அணியோடு அவர் விமானம் ஏறவே இல்லையாம்.

மகள் அழவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள், பெயர் உள்பக்கம் போகட்டும் என்று.

முப்பத்தைந்து வயதுக்காரரைக் கொண்டுவந்தால் உடம்பும் அப்படித்தான் இருக்கும், எல்லா ஆட்டமும் ஆட முடியாது என்று எனக்குத் தெரியும். டிக்கெட் விலைக்கு மட்டும் அது தெரியவில்லை.

அடையாறு ஆலமரம் | சென்னை

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? 2014-இல் இந்தியாவின் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் தொடங்கியபோது இங்கேயும் இதே திருவிழாதான். டெல்லிக்கு டெல் பியரோ, கோவாவுக்குப் பிரெஸ், மும்பைக்கு யுங்பெரி. சென்னைக்கு மாட்டெராட்ஸி, ஜிதானிடம் தலையால் முட்டு வாங்கிய அதே ஆள்! நேரு ஸ்டேடியத்தில் அவர் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் நின்றதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கோப்பையும் வாங்கிக் கொடுத்தார், நன்றி. ஆனால் அமெரிக்காக்காரர்கள் புலம்பும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்களிடம் 36 வயது மெஸ்ஸி வந்து கோல் மழை பொழிகிறார். எங்களிடம் வந்தவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோல்கம்பம் | நியூ ஜெர்சி

மூன்றாம் வரிசை, அந்தச் சட்டைக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தேநீர் இடைவேளைக்கு என் பதில். வரம்பை எடுத்தால் வருவார்களா என்கிறீர்கள். சீனாவைப் பாருங்கள். 2017 தொடக்கத்தில் ஷாங்காய் அணி செல்சியிலிருந்து ஆஸ்கரைத் தூக்கியது. வயது 25! சாம்பியன்ஸ் லீக் இல்லை, தரம் எம்.எல்.எஸ்.-ஐவிட மேல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2023 கோடையில் சவூதி போனவர்களில் எல்லோரும் கிழவர்களா? ரூபன் நெவெஸுக்கு அப்போது 26 வயது. ஆகவே பணம் வேண்டிய அளவு இருந்தால் 25 வயதும் விமானம் ஏறும். உங்கள் செவ்வாய்க்கிழமை இரவுக்கும் ஒரு விலை இருக்கிறது.

பழைய பந்து | எடிசன், நியூ ஜெர்சி

தம்பி, சீனாவை உதாரணம் காட்டுகிறீர்களே, அதன் மிச்சத்தையும் சொல்லுங்கள். அரசாங்கம் வெளிநாட்டு வாங்கலுக்கு நூறு சதவீதம் வரி போட்டது. 2020-இல் சாம்பியன் ஆன ஜியாங்சு அணி, அடுத்த பிப்ரவரியில் கதவைச் சாத்தியது. எங்கள் காஸ்மாஸாவது கோப்பை வாங்கிய பிறகு ஏழெட்டு ஆண்டு உயிரோடு இருந்தது.

கணக்குப்பிள்ளை | டல்லாஸ்

சவூதியில் போடுகிறவர்கள் லாபம் பார்ப்பதற்காகப் போடவில்லை. டல்லாஸிலும் கொலம்பஸிலும் போடுகிறவர்கள் அதற்காகத்தான் போடுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மெஸ்ஸி இங்கே வந்ததே சம்பளத்தால் மட்டும் அல்லவே. சவூதி அதைவிடப் பல மடங்கு கொடுக்கத் தயாராக இருந்தது. லீக்கை ஒளிபரப்பும் ஆப்பிளின் புதுச் சந்தா வருமானத்தில் ஒரு பங்கு, பின்னால் அணியில் பங்கு வாங்கும் உரிமை, இப்படித்தான் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. பெக்காமின் ஒரு வரி மாதிரியேதான். 38 வயதில் 2028 வரை நீட்டித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இங்கே சம்பளத்தை விற்கவில்லை, மனையில் ஒரு மூலையை எழுதிக்கொடுக்கிறார்கள். அதை வாங்கும் மனநிலை முப்பதைத் தாண்டியவனுக்குத்தான் வரும். 25 வயதில் யார் பட்டா பார்க்கிறார்கள்?

கொரியாடவுன் பக்கத்து வீடு | லாஸ் ஏஞ்சலஸ்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சோன் எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு வந்த பிறகு எங்கள் தெருவில் நடப்பதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

நான் குடியிருப்பது கொரியாடவுனை ஒட்டி. ஆகஸ்ட் முதல் வாரம் அவர் ஒப்பந்தம் அறிவித்தார்கள், 2.6 கோடி டாலருக்கு மேல், லீக்கிலேயே இதுவரை இல்லாத தொகை என்றார்கள். ஒரு வாரத்துக்குள் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் பேஸ்பால் படம் இருந்த இடத்தில் அவர் படம் தொங்கியது. கடைக்காரப் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும், ஆங்கிலம் அதிகம் வராது. சோன் முன்பு ஆடிய லண்டன் அணியான டாட்டன்ஹாமின் ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து பார்த்தவராம். இப்போது சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நடந்தே ஸ்டேடியம் போகிறேன் என்று கையால் நடந்து காட்டினார்.

நவம்பரில் வான்கூவருக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தை அவர் கடையில்தான் பார்த்தேன். இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். சோன் ஒன்று போட்டார். பிறகு 95-ஆவது நிமிடம், ஃப்ரீ கிக், மேல் மூலை. பெரியவர் கத்திரிக்கோலோடு எழுந்து குதித்தார், நாற்காலியில் இருந்தவனுக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பெனால்டியில் அதே சோன் பந்தைக் கம்பத்தில் அடித்தார், தோற்றோம். கடையில் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

சோனுக்கே 33 வயது என்று நீங்கள் எழுதியதைப் பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லமாட்டேன், கத்திரிக்கோல் கையில் இருக்கும்.

தேநீர் இடைவேளை | லண்டன்

இந்த இழையில் என்னைக் கொஞ்சம் அசைத்த முதல் பதிவு இது. ஆனாலும் கோல்கம்பம் கேட்டது 25 வயது. விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கோல்கம்பம் | நியூ ஜெர்சி

விட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2027 கோடையிலிருந்து எம்.எல்.எஸ். ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறுகிறது. ஜூலையில் தொடங்கி மே மாதம் முடியும். இதுவரை ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடியும் ஜூனில் இங்கே பாதிப் பருவம் ஓடியிருக்கும், வருகிறவன் ஓய்வில்லாமல் பாதி வழியில் ஏற வேண்டும். அந்தத் தடை போகிறது. வரம்பையும் அதோடு தளர்த்துவார்கள் என்பது என் ஊகம், ஊகம்தான்.

பந்தயம் வைக்கிறேன். 2027 செப்டம்பருக்குள், 27 வயதைத் தாண்டாத, தன் நாட்டு அணியில் தவறாமல் களமிறங்கும் ஒருவர், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் ஒன்றிலிருந்து நேராக இங்கே வருவார். தோற்றால் என் பெயரை ஒரு மாதத்துக்குப் "பஸ் நிலையம்" என்று மாற்றிக்கொள்கிறேன்.

தேநீர் இடைவேளை | லண்டன்

ஏற்றேன். நான் தோற்றால் "கன்சாஸ் சிட்டி". எந்த நாட்டு அணி என்பதையும் எழுதுங்கள். அமெரிக்க அணி ஆட்டக்காரன் வீட்டுக்குத் திரும்பி வருவதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், கனடாவும் கூடாது.

அகிலா | அட்லாண்டா

பராகுவே சேருமா? ஈக்வடார்?

தேநீர் இடைவேளை | லண்டன்

உலகக் கோப்பையில் காலிறுதியாவது கண்ட நாடு.

அடையாறு ஆலமரம் | சென்னை

பராகுவே 2010-இல் காலிறுதி ஆடியது. ஸ்பெயினிடம் 1-0. டேவிட் வியா கோல், பந்து இரண்டு கம்பத்திலும் பட்டுக்கொண்டு உள்ளே போனது. அந்த வியாவும் பிற்பாடு நியூயார்க்குக்குத்தான் வந்தார்.

கணக்குப்பிள்ளை | டல்லாஸ்

குறித்துக்கொண்டேன்: 27 வயதைத் தாண்டவில்லையா என்று பார்ப்பது ஒப்பந்தம் அறிவிக்கும் தேதியில். வேறு அணியிடமிருந்து தற்காலிகக் கடனாக (லோன்) வந்தால் சேராது. பராகுவே சேரும், ஈக்வடார் சேராது. அகிலா, ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.